பல் பிடித்துப் பார்த்துக் கப்பல் ஏறுவது

அப்பா கண்ணபுரம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் முதலில் பல்லைப் பார்ப்பார். அடுத்து சுழி. பிறகு மாட்டைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுக் குளம்பு எப்படி ஊன்றுகிறது என்று கவனிப்பார். எல்லாம் முடிந்த பிறகு விற்க வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுவரைக்கும் யார் யார் கட்டுத்தரையில் நின்ற மாடு இது?" விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்குக் கரூரில் பட்டறை. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவது தொழில். சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வெளியிலிருந்து வரும். அதன்மேல் சட்டம், தகடு, இருக்கை, கண்ணாடி, பெயின்ட் எல்லாம் நாங்கள் ஏற்றுவோம். பத்து வருடம் ஓடிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "புது வண்டி மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்பார்கள். ஆக்கிக் கொடுப்போம். ஆனால் டவுன் பஸ்ஸாகப் பிறந்த சேஸை எவ்வளவு இழைத்தாலும் அது ஆம்னி பஸ் ஆகாது. இந்தக் கட்டுரைக்கு இது இரண்டும் வேண்டியிருக்கிறது. அதனால்தான் கப்பலைப் பற்றிப் பேச வந்தவன் மாட்டிலும் பஸ்ஸிலும் தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு மணிவிழா முடிந்தது. அதே மாதம் என் ஏலச்சீட்டும் முடிந்தது. கையில் காசு இருப்பதை மோப்பம் பிடித்த தங்கை, "அண்ணா, எல்லோரும் ஒரு முறை கப்பலில் போய் வரலாம்" என்று தொடங்கினாள். அப்பா, அம்மா, எண்பத்தொரு வயது அப்பத்தா, எங்கள் வீட்டில் நால்வர், தங்கை வீட்டில் நால்வர் என்று பதினொரு பேர். இவர்களில் கடலை மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும் கரையில் நின்று பார்த்ததைத் தவிர யாருக்கும் கப்பல் அனுபவம் கிடையாது.

விசாரித்ததில் மூன்று வழிகள் தெரிந்தன. சென்னையிலிருந்து புறப்படும் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். சிங்கப்பூர் போய் ஏறும் பெரிய கப்பல்கள்; அவற்றில் ஜென்டிங் ட்ரீம் எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டும்போலிருந்தது. மூன்றாவது, கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் அரசுக் கப்பலான எம்.வி. கவரத்தி.

ஒரு பயண முகவரிடம் போனேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். கைப்பேசியில் படம் காட்டினார். பளபளவென்று ஒரு கப்பல். பக்கவாட்டில் அடுக்கடுக்காக, முன்னிருந்து பின்வரைக்கும் பால்கனிகள். "இதுதான் சென்னையிலிருந்து போகிறது" என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. 1990-ல் கட்டிய கப்பல் என்று அவரே ஐந்து நிமிடம் முன்னால் சொல்லியிருந்தார். அந்தக் காலத்துக் கப்பல்களின் பக்கச்சுவரில் பெரும்பாலும் ஜன்னல்களைத்தான் பார்க்க முடியும். விலா முழுக்கப் பால்கனி வைப்பது பின்னால் வந்த பழக்கம். வீட்டுக்கு வந்து தேடினால், அவர் காட்டியது வேறு கப்பலின் படம். அவரிடம் கோபப்படத் தோன்றவில்லை. ஆனால் பயணக் கப்பலுக்குப் பால்கனிதான் பல் என்று அன்றைக்குப் புரிந்தது. அதை எண்ணினால் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இனி எம்ப்ரஸின் கட்டுத்தரைக் கதை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பிரான்சின் சான் நசேர் நகரத்தில் உள்ள ஷான்டியே டி லட்லான்டிக் என்ற கப்பல் கட்டுதளத்தில் உருவானது. அட்மிரல் குரூஸஸ் என்ற நிறுவனத்துக்காக, ஃப்யூச்சர் சீஸ் என்ற பெயரில் தொடங்கிய வேலை. கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த நிறுவனம் ராயல் கரீபியன் என்ற பெரிய பயணக் கப்பல் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டதால் 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரோடு கடலில் இறங்கியது. 48,563 டன், 211 மீட்டர் நீளம், அறைக்கு இருவர் என்ற கணக்கில் சுமார் 1,600 பயணிகள். இந்த டன் எடையைக் குறிப்பதில்லை. கப்பலுக்குள் அடைபட்ட மொத்த இடத்தின் அளவு அது. லாரிக்காரர்கள் டன் என்றதும் பாரம் என்று நினைத்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

முக்கியமான செய்தி வேறு. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று இரவு, நான்கு இரவு என்று குறுகிய பயணம் போய் வருவதற்கென்றே வரைந்த கப்பல் இது. அதற்கு முன்பெல்லாம் நீண்ட பயணங்களில் ஓடிக் களைத்த கிழட்டுக் கப்பல்களைத்தான் குறுகிய பயணத்துக்கு இறக்கிவிடுவார்கள். நெடுந்தூர வண்டி தேய்ந்ததும் டவுனுக்குத் தள்ளிவிடுவதைப் போல. புதிதாகவே குறுகிய பயணத்துக்கென்று கட்டியது அன்றைக்குப் புதுமை. அதனால்தான் அறைகள் மிகச் சிறியவை, பொதுக்கூடங்கள் தாராளம். மூன்று நாள் போகிறவர் அறைக்குள் அடைந்து கிடக்கப் போவதில்லை என்பது வரைந்தவர்களின் கணக்கு. நடுவில் பல தளங்கள் உயரத்துக்கு ஒரே கூடம். பின்புறத்தில் இரண்டு அடுக்குச் சாப்பாட்டு அறை. அதன் ஜன்னல் வழியே கப்பல் கிழித்துவந்த நீர்த்தடம் தெரியும்.

2004-ல் புதுப்பித்து எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் என்று பெயர் மாற்றினார்கள். 2008-ல் அதே குழுமத்தின் ஸ்பானிய நிறுவனமான புல்மான்டூருக்குப் போய் வெறும் எம்ப்ரஸ் ஆனது. 2016-ல் தாய்வீடு திரும்பி மறுபடியும் எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். திரும்பி வந்ததும் சில வாரங்களில் பயணம் தொடங்குவதாக அறிவித்து டிக்கெட்டும் விற்றுவிட்டார்கள். புதுப்பிக்கத் திறந்து பார்த்தால் சமையல்கூடமும் உணவுப்பொருள் கிடங்கும் இருந்த பகுதி மோசம். அதைப் பெயர்த்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அறிவித்த பயணங்களை வரிசையாக ரத்து செய்து, மே மாதக் கடைசியில்தான் கப்பல் புறப்பட்டது.

பட்டறைக்காரனுக்கு இது ரத்தத்தில் தெரிந்த சங்கதி. "பெயின்ட் மட்டும் அடித்தால் போதும்" என்று வண்டியை விடுவார்கள். தரைப் பலகையைத் தூக்கினால் குறுக்குச் சட்டம் துரு தின்று அப்பளமாகியிருக்கும். கழுவி ஊற்றும் தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் எப்போதும் முதலில் அரிக்கும். கப்பலிலும் அதுவே நடந்திருக்கிறது. மறைக்காமல் பயணத்தை ரத்து செய்து சட்டத்தை மாற்றியதால் அந்தக் கப்பலின்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. தங்கையின் வீட்டுக்காரருக்கு இதே செய்தி எதிராகப் பட்டது. "ஒரு முறை அரித்தது இன்னொரு முறை அரிக்காதா?" என்றார். அரிக்கும்தான். அதற்குத்தான் சோதனை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பிறகு 2017-ல் இது கியூபா போகத் தொடங்கியது. ஹவானா துறைமுகத்தின் வாய் குறுகலானது. பெரிய கப்பல்கள் உள்ளே நுழைவது கடினம். ராயல் கரீபியனின் ராட்சசக் கப்பல்கள் வெளியே நிற்க, வீட்டிலேயே சின்னதான இது உள்ளே போனது. 2019 ஜூனில் அமெரிக்கா அந்தப் பயணங்களைத் தடைசெய்யும்வரை அதுதான் இதன் தொழில். 2020-ல் கொரோனா வந்து கப்பல்களெல்லாம் நங்கூரமிட்டு நின்றபோது, அந்த ஆண்டுக் கடைசியில் விற்றுவிட்டார்கள். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டீலியாவின் கப்பலாகப் புறப்பட்டது. 2022 ஜூனில் சென்னைக்கு வந்தது. அந்த முறை புதுச்சேரி அரசு அனுமதி தராததால் அங்கே கரை அணைய முடியவில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குப் பயணம் தொடங்கியது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை.

காங்கேசன்துறை என்ற பெயரை நான் சத்தமாகப் படித்ததும் அப்பத்தா தலை தூக்கினார். "ஏன் சாமி, காங்கேயத்துக்கு எதற்குக் கப்பல்? வெள்ளக்கோவிலில் ஏறினால் பஸ்ஸே போகிறதே."

இதன் வயதுக்காரன் ஒருவனையும் பார்த்துவிட வேண்டும். அதே 1990-ல் இத்தாலியின் மொன்ஃபல்கோனேயில் கிரவுன் பிரின்சஸ் என்று ஒரு கப்பல் இறங்கியது. டால்பின் தலையைப் போல வளைந்த முகப்பு. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவின் கைவண்ணம். எம்ப்ரஸைவிடப் பெரியது, சுமார் 70,000 டன். அதுவும் பல பெயர் மாறி, 2019-ல் இந்தியாவுக்கு வந்து கர்னிகா ஆனது. ஜலேஷ் என்ற நிறுவனம் மும்பையிலிருந்து ஓட்டியது. மறு வருடமே நிறுவனம் மூடியது. 2020 நவம்பரில் அந்த டால்பினைத் துண்டு துண்டாக வெட்டுவதற்காகக் குஜராத்தின் அலங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எம்ப்ரஸின் கட்டுதளத்திலேயே 1988-ல் பிறந்த சாவரின் கப்பலும் அதே ஆண்டில் துருக்கியின் அலியாகாவில் உடைபடப் போனது. ஒரே ஈற்று மாடுகளில் ஒன்று தோல் மண்டிக்குப் போக, இன்னொன்று ஏர் கட்டி நிற்கிறது. காரணம் பல்லில் இல்லை. கொரோனாவின்போது யார் கையில் இருந்தது, அடுத்து யார் வாங்கினார்கள் என்பதில்தான் எல்லாம்.

எம்ப்ரஸ் கிழடு, புதிது வந்ததும் போகலாம் என்கிறவர்களுக்கு ஒரு தகவல். நார்வீஜியன் ஸ்கை 2026 முதலும் நார்வீஜியன் சன் 2027 முதலும் கார்டீலியாவுக்கு வாடகைக்கு வரும் என்று 2025-ல் அறிவித்தார்கள். அந்த ஸ்கையின் கதையைத் தோண்டினால் அது ஜெர்மனியில் கோஸ்டா ஒலிம்பியா என்ற பெயரில் தொடங்கி, கட்டுதளம் திவாலாகிப் பாதியில் நின்று, வேறொருவர் வாங்கி 1999-ல் முடித்த கப்பல். நமக்குப் புதிதாக வருவதும் கால் நூற்றாண்டைத் தாண்டியதுதான்.

சிங்கப்பூர்ப் பக்கம் போவோம். ஜென்டிங் ட்ரீம் 2016-ல் ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் மேயர் வெர்ஃப்ட் கட்டியது. 150,695 டன், 335 மீட்டர், அறைக்கு இருவர் கணக்கில் 3,352 பேர். தளங்கள் பதினெட்டு. டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு கணக்கு வரும். எம்ப்ரஸில் அது 30. ஜென்டிங் ட்ரீமில் 45-ஐ ஒட்டி. ராயல் கரீபியன் சிங்கப்பூருக்கு அனுப்பிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் இதைவிடப் பெரியது, 169,379 டன். ஆனால் 4,246 பேரை ஏற்றுவதால் கணக்கு 40 தான். பெரிய கப்பல் என்பதால் மட்டும் நெரிசல் குறைந்துவிடாது. எம்ப்ரஸில் அறைக்கு மூன்று, நான்கு பேர் என்று மேல்படுக்கைகளும் நிரம்பிவிட்டால் 30 என்பது இன்னும் இறங்கும். நம் ஆட்கள் குடும்பத்தோடு போகிறவர்கள். மேல்படுக்கை நிரம்பும் என்று வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் கப்பலுக்கும் ஒரு சோதனைக் காலம் இருந்தது. இதை ஓட்டிய ட்ரீம் குரூஸஸின் தாய் நிறுவனமான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் சரிந்தது. அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ் என்ற புதுப் பெயரில் கப்பல் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் புறப்பட்டது. இதன் இரட்டைப் பிறவியான வேர்ல்ட் ட்ரீம் விற்பனையாகி, இன்று அரோயா என்ற பெயரில் ஒரு சவுதி நிறுவனத்தின் கப்பலாக ஓடுகிறது. வயது ஆறுகூட ஆகாத கப்பல்களுக்கே இந்தப் பாடு. ஜென்டிங் குழுமத்தின் ஜெர்மன் கட்டுதளத்தில் பாதி முடிந்து நின்ற இன்னொரு ராட்சசக் கப்பலை டிஸ்னி வாங்கி, முடித்து, டிஸ்னி அட்வென்சர் என்று பெயரிட்டு சிங்கப்பூருக்கென்று ஒதுக்கியிருக்கிறது. குழந்தைகளிடம் இதைச் சொல்லக் கூடாது என்று நானும் மச்சானும் உடன்பாடு செய்துகொண்டோம். இரண்டு நாளில் எப்படியோ தெரிந்துவிட்டது.

இயந்திரத்தில் இரண்டு தலைமுறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கோவைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது சுலபம். பழைய முறையில் எஞ்சின் கப்பலுக்குள் இருக்கும். அங்கிருந்து நீண்ட தண்டு பின்னால் ஓடிப்போய் வெளியே உள்ள விசிறியைச் சுற்றும். திருப்புவதற்குத் தனியாகச் சுக்கான். கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்துத் தண்டு வழியாகக் கீழே பம்பைச் சுற்றிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய பெரிய கப்பல்களில் அசிபாட் என்று ஒன்று வந்துவிட்டது. மின்மோட்டாரையே ஒரு கூட்டுக்குள் வைத்துக் கப்பலுக்கு அடியில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, அதன் மூக்கிலேயே விசிறி. நம் நீர்மூழ்கி மோட்டாரேதான். அந்தக் கூடு முழு வட்டமும் திரும்பும் என்பதால் சுக்கான் தேவையில்லை. உள்ளே அதிர்வு குறைவு. துறைமுகத்தில் திருப்புவதும் எளிது. ஜென்டிங் ட்ரீமில் இப்படி இரண்டு இருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றி மச்சான் கேட்ட கேள்விக்கு இங்கே பதில். பயணிகள் கப்பலுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஓராண்டுக்கு மேல் செல்லாது. நம் பழைய பஸ்ஸுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டுவதைப் போல. ஐந்து ஆண்டில் குறைந்தது இரண்டு முறை அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும். அதற்காகத்தான் தண்ணீரை வடித்த உலர்துறையில் கப்பலை ஏற்றுகிறார்கள். இதில் பழையதுக்கும் புதியதுக்கும் ஒரே சட்டம். ஆனால் ஓர் இடத்தில் பழைய கப்பல் தோற்கிறது. 2010 ஜூலை 1 முதல் கட்டும் பெரிய பயணிகள் கப்பல்களுக்கு ஒரு விதி வந்தது. ஒரு பகுதியில் தீப்பிடித்தாலோ நீர் புகுந்தாலோ, ஒரு வரம்புவரை கப்பல் தன் சொந்த பலத்திலேயே அருகிலுள்ள துறைமுகத்துக்குத் திரும்ப முடிய வேண்டும். அதற்காக எஞ்சின், மின்சாரம், குழாய் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து அமைக்கிறார்கள். ஜென்டிங் ட்ரீம் இந்த விதிக்குள் பிறந்தது. எம்ப்ரஸ் அதற்கு இருபது ஆண்டு முன்னால் பிறந்தது. இதைக் கூண்டு மாற்றிச் சரிசெய்ய முடியாது. சேஸிலேயே இருக்க வேண்டிய சங்கதி. இந்த வித்தியாசத்தை நான் வீட்டில் யாரிடமும் மறைக்கவில்லை. அப்பா யோசித்துவிட்டு, "கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. நடுப்பெருங்கடலைக் கடக்கும் கப்பலுக்கும், சென்னையிலிருந்து இலங்கைக் கரையை ஒட்டிப் போகும் கப்பலுக்கும் இந்தக் குறையின் எடை ஒன்றல்ல.

எம்.வி. கவரத்திக்கு வருவோம். சித்தப்பாவின் வாக்கு இதற்குத்தான். அவர் பதினொரு பேரில் இல்லை, ஆனாலும் கருத்து உண்டு. விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் கட்டுதளத்தில் உருவாகி 2008-ல் சேவைக்கு வந்தது. 700 பேர். இது பயணக் கப்பலே அல்ல. தீவு மக்கள் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கொச்சி வந்துபோகிற கப்பல். சரக்கும் ஏறும். அதில் ஒரு பகுதியைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கி, சமுத்திரம் என்ற பெயரில் ஐந்து நாள் பயணமாக லட்சத்தீவு நிர்வாகமே நடத்துகிறது. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று பகலில் தீவு, இரவில் கப்பல். இருவர் அறை, நால்வர் அறை என்று வகுப்புகள். 2021 டிசம்பரில் எஞ்சின் அறையில் தீப்பிடித்து நடுக்கடலில் நின்ற சம்பவமும் இதன் வரலாற்றில் உண்டு. பயணிகள் பத்திரமாகத் திரும்பினார்கள்.

தீவைப் பார்க்க வேண்டும் என்றால் மூன்றில் இதுதான் முதல். அந்த நீலத்துக்கு ஈடாகச் சிங்கப்பூர்க் கப்பலின் சறுக்குக்குழாயைச் சொல்ல முடியாது. செலவும் கட்டுக்குள் நிற்கும். கோவையிலிருந்து பாலக்காடு, திருச்சூர் வழியாக நாலைந்து மணி நேரத்தில் கொச்சி. அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும்; பக்கவாட்டுக் கதவு வழியாக ஆடுகிற சிறு படகில் இறங்க வேண்டும். ஐந்து நாளில் மூன்று தீவுக்கு ஆறு முறை. அப்பத்தாவுக்குச் சொந்த வீட்டுத் திண்ணையில் இறங்கவே என் தோள் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே கவரத்தி எங்கள் பட்டியலிலிருந்து விலகியது. முழங்கால் நன்றாக இருப்பவர்கள் அக்டோபருக்கும் மே தொடக்கத்துக்கும் இடையில் தாராளமாகப் போகலாம்; தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கடல் இடம் கொடுக்காது.

மீதி இரண்டில் சண்டை நடந்தது. தங்கை வீடு முழுக்கச் சிங்கப்பூர்க் கட்சி. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு; கரூரிலிருந்து சென்னைத் துறைமுகம் போய்ச் சேரும் அலைச்சலோடு ஒப்பிட்டால் நேரம் பெரிதாக மாறாது. மே விடுமுறையில் போக முடியும். எம்ப்ரஸோ, மேற்குக் கடற்கரையில் மழை பிடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில்தான் வங்கக் கடல் பக்கம் வருவது வழக்கம்; அப்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும். நீளமான கப்பல் அலையில் குறைவாக ஆடும். ஜென்டிங் ட்ரீமில் அறை பெரியது, பெரும்பாலானவற்றுக்குப் பால்கனி. அம்மாவுக்கு வேண்டிய சைவச் சமையலும் கிடைக்கும்.

எதிரே என் கணக்கு. பதினொரு விமான டிக்கெட், பதினொரு விசா. அதிலும் கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால் ஒரு முறைக்கு மேல் நுழையும் விசா. கப்பல் கட்டணத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. துறைமுகக் கட்டணம், ஊழியர் படி, வரி எல்லாம் எந்தக் கப்பலிலும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, 335 மீட்டர் கப்பலில் அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் போவதே அப்பத்தாவுக்கு ஒரு யாத்திரை. சக்கர நாற்காலி வாங்கலாம்தான். அவர் உட்கார மாட்டார். "நான் என்ன நோயாளியா?" என்பார். 211 மீட்டர்க் கப்பலில் மின்தூக்கிக்குப் பக்கத்து அறையாகப் பிடித்தால் தடி ஊன்றியே சமாளித்துவிடுவார். கப்பல் சிறியது என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள் முதியவர்களோடு பயணம் போகாதவர்கள்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா இலங்கைப் பயணத் திட்டத்தை எடுத்து மறுபடியும் படிக்கச் சொன்னார். திருகோணமலை என்றதும், "கோணேசர் கோயில் இருக்கிற ஊர்தானே?" என்றார். சம்பந்தர் பாடிய தலம். அப்பா ஓதுவார் அல்ல, ஆனால் பதிக வரிசையில் ஈழத்துத் தலங்கள் இரண்டு என்று அவருக்குத் தெரியும். காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் கீரிமலை நகுலேஸ்வரம். யாழ்ப்பாணம் போனால் நல்லூர்க் கந்தசாமி. அவ்வளவுதான், வீட்டில் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது.

எனக்கு மட்டும் வேறொரு திருப்தி. குறுகிய பயணத்துக்காகச் சிறியதாக வரைந்தார்கள். சிறியதாக இருந்ததால் ஹவானாவின் குறுகலான வாயில் நுழைந்தது. அதே உடம்போடுதான் இன்று ஈழத்துக் கரைக்குப் போகிறது. மூன்று நிறுவனம் மாறி, ஐந்து முறை பெயர் மாறி, உள்ளே சமையல்கட்டையே பெயர்த்துக் கட்டிய பிறகும், 1990-ல் எந்த வேலைக்குப் பிறந்ததோ அதே வேலையைத்தான் செய்கிறது. டவுன் பஸ் டவுன் பஸ்ஸாகவே ஓடுகிறது. அது பழையது என்று தெரிந்தே ஏறுகிறேன். நடுக்கடலில் ஏழு நாள் என்றால் ஏற மாட்டேன். அப்போது ஜென்டிங் ட்ரீமையோ அதைவிடப் புதியதையோதான் சொல்வேன்.

பயணத் திட்டம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. அதனால் இலங்கைத் துறைமுகங்கள் எழுத்தில் இருக்கும் தேதியாகப் பார்த்து, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வரும் விடுமுறையோடு இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம் போடுவது என்று முடிவு. அறைகளை நானே தளவரைபடம் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். முகவரிடம் விடவில்லை, படம் மாற்றிக் காட்டியவர் அறையையும் மாற்றுவார். நடுப்பகுதி, கீழ்த்தளம்: ஆட்டம் குறைவு. முனையில் வேண்டாம், நங்கூரச் சத்தம். பின்கோடியில் வேண்டாம், விசிறியின் அதிர்வு. பழைய முறை இயந்திரத்தில் அது கூடுதலாகவே தெரியும். மேலே சமையல்கூடமோ ஆட்டக்கூடமோ இருக்கக் கூடாது. விடியற்காலையில் தள்ளுவண்டி உருளும். மூன்று அறை போதும் என்று கணக்கு சொன்னது, நான்காகப் பிடித்தேன். சூதாட்டக்கூடம் இருக்கும் தளத்தை மச்சான் விசாரித்தார். தங்கை பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

ஏறிய அன்றே, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ, உயிர்காப்பு ஒத்திகை நடக்கும். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணக் கப்பல் கவிழ்ந்த பிறகு இறுகிய விதி இது. அறையில் படுத்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று நினைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடமும், பிள்ளைகளைவிட முக்கியமாக மச்சானிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

வயிறு ஏற்குமா என்ற பயம் அம்மாவுக்கு இருந்தது. அதற்கு ஒரு மலிவான வழி. கொச்சியில் கேரள அரசு நிறுவனம் 2018 முதல் நெஃபர்டிடி என்ற சின்னக் கப்பலை ஓட்டுகிறது. 48.5 மீட்டர், 200 பேர்; எகிப்து ராணியின் பெயருக்கேற்ற அலங்காரம். சில மணி நேரம் அரபிக்கடலுக்குள் போய்த் திரும்பும். போன மாதம் அம்மாவையும் அப்பத்தாவையும் அதில் ஏற்றிப் பார்த்தோம். அம்மா மாத்திரை போட்டுக்கொண்டும் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். அப்பத்தா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்று, கடைசிவரை நகரவில்லை.

அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பிறப்புச் சான்றிதழும் கிடையாது. 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்கள் வாக்காளர் அட்டை போன்றவற்றைப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகக் காட்டலாம் என்பதால் அது தடையாகவில்லை. கோவை சேவை மையத்தில் வரும் புதன்கிழமை நேரம் வாங்கியாயிற்று. அறுபது வருடம் களை வெட்டிய கை; ரேஷன் கடை இயந்திரத்திலேயே நாலு முறை வைத்தால்தான் ரேகை விழும். விரலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.